வீட்டுக்கும் நாடி பாருங்க!

"ஐயா, மாமியாருக்கு இருமல் நிக்கவே மாட்டேங்குது" என்று வந்தார் ஒரு பெண்மணி. விசாரித்தேன். அவர்கள் குடியிருப்பது பழைய அடுக்குமாடிக் கட்டடம். முதல்நாள் ராத்திரி கீழே மீட்டர் பெட்டியில் தீப்பிடித்து, படிக்கட்டு முழுக்கப் புகை. மூன்றாவது மாடிக்காரர்கள் மொட்டைமாடிக்கு ஓடியிருக்கிறார்கள். கதவில் பூட்டு! சாவி வைத்திருந்தவரோ ஊரில் இல்லை. யாரோ கம்பியால் பூட்டை உடைத்ததால் பிழைத்தார்கள்.

"புகை குடித்த நெஞ்சும்மா. முதலில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க, கஷாயம் அப்புறம்" என்று அனுப்பினேன். இருமலுக்கு மருந்து உண்டு. அந்தப் பூட்டுக்கு?

தீயைவிடப் புகைதான் எமன். அதிலுள்ள கார்பன் மோனாக்சைடு, ரத்தத்தில் பிராணவாயு உட்கார வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்ளும். நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது.

2004 ஜூலை 16-ஐ மறக்க முடியுமா? கும்பகோணம் பள்ளியில் கீற்றுக் கூரை பற்றியெரிந்து 94 குழந்தைகள் பலியானார்கள். தப்பிக்க இருந்ததோ குறுகலான படிக்கட்டு.

வருஷத்துக்கு ஒருமுறை உடம்புக்கு செக்கப் செய்கிறோம். கட்டடத்துக்கு? இந்த ஞாயிற்றுக்கிழமையே பாருங்கள்.

* படிக்கட்டில் சைக்கிள், பழைய பேப்பர், செருப்பு ஸ்டாண்டு வேண்டாம்.

* மொட்டைமாடி, கிரில் கேட் சாவிகள் எல்லோருக்கும் தெரிந்த இடத்தில் தொங்கட்டும்.

* பழைய ஒயரிங்கில் ஏ.சி.யும் கீசரும் சேர்த்தீர்களா? எலக்ட்ரீஷியனை அழைத்து ஒயரைச் சோதியுங்கள். எம்.சி.பி.யோடு ஆர்.சி.சி.பி.யும் போடச் சொல்லுங்கள். ஃப்யூஸ் போனால் தடித்த கம்பியைச் சுற்றாதீர்கள்.

* கேஸ் டியூபை ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். விரிசல் தெரிந்தால் உடனே.

* தீயணைப்புக் கருவியின் முள் பச்சையில் நிற்கிறதா?

படிக்கட்டில் புகை நிறைந்துவிட்டால் வெளியே ஓடாதீர்கள். கதவைச் சாத்தி, இடுக்கில் ஈரத்துணி திணித்து, ஜன்னலோரம் நின்று 101-க்குச் சொல்லுங்கள். சுட்ட இடத்தில் இருபது நிமிஷம் குழாய்த் தண்ணீர் ஓடட்டும். இங்க், பற்பசை, மாவு எதுவும் பூசாதீர்கள். என் தைலமும் அப்போது வேண்டாம்!

இதையெல்லாம் எழுதிவிட்டு எழுந்துபோய் என் வைத்தியசாலையைப் பார்த்தேன். பின்கதவை மறைத்து நான்கு மூட்டை சுக்கும் கடுக்காயும். பக்கத்திலேயே தைலம் காய்ச்சும் அடுப்பு! வெட்கமாகிவிட்டது. மூட்டைகளை நகர்த்தி, கதவைத் திறந்து பார்த்த பிறகுதான் அன்றைக்குச் சாப்பிடவே உட்கார்ந்தேன்.

நீங்களும் ஒருதரம் திறந்து பாருங்களேன்!