காலட் துரையின் கடிதப் புத்தகங்கள்

திருவொற்றியூரை ஒட்டிய காலடிப்பேட்டை, ஜோசப் காலட் என்ற ஆங்கிலேயர் பெயரால் எழுந்த ஊர். 1717 முதல் 1720 வரை புனித ஜார்ஜ் கோட்டையின் ஆளுநராக இருந்த அவர், கிழக்கிந்தியக் கம்பெனியின் துணி வாணிகத்துக்காக நெசவாளர்களை இங்கே குடியேற்றினார். காலட் பேட்டை என்று தொடங்கியது மக்கள் வாயில் காலடிப்பேட்டை ஆயிற்று. அவரைப் பற்றி இரண்டு வகை ஏடுகள் நிலைத்திருக்கின்றன. ஒன்று, கோட்டைக் கவுன்சிலின் அன்றாட நடவடிக்கைப் பதிவு. மற்றொன்று, தாய்க்கும் தம்பிக்கும் மகள்களுக்கும் நண்பர்களுக்கும் அவர் எழுதிய சொந்தக் கடிதங்களின் நகல்கள் அடங்கிய புத்தகங்கள். முன்னது அரசாங்கத்தின் சொத்து. பின்னதைக் காத்தது ஒரு குடும்பம்.

கடிதத்துக்கு நகல் எடுத்து வைப்பது அக்காலத்தில் வீண் வேலை அல்ல. சென்னைக்கு அப்போது துறைமுகம் கிடையாது. கப்பல்கள் கடலில் தள்ளி நங்கூரமிட்டு நிற்கும். மசூலாப் படகுகள்தான் அலைகளைத் தாண்டி ஆளையும் சரக்கையும் கரை சேர்க்கும். ஐப்பசி, கார்த்திகைப் புயல் காலத்தில் அதுவும் நின்றுவிடும். ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றி லண்டன் போய்ச் சேர ஆறு மாதம், சில சமயம் அதற்கும் மேல். எழுதிய கடிதத்துக்குப் பதில் வர ஓராண்டு தாண்டிவிடும். போகும் வழியில் கப்பல் மூழ்கலாம், எதிரியிடம் சிக்கலாம். எனவே ஒரே கடிதத்தை இரண்டு மூன்று கப்பல்களில் அனுப்புவார்கள். யாருக்கு என்ன எழுதினோம் என்று பின்னால் பார்த்துக்கொள்ள, அனுப்பும் முன்பே தடித்த ஒரு புத்தகத்தில் படியெடுத்துக்கொள்வார்கள். கடிதத்தைப் பெற்றவர் அதைத் தொலைத்தாலும் எழுதியவரிடம் நகல் இருக்கும். காலட்டின் குரல் இன்றும் கேட்பது அந்த நகலால்தான்.

அவர் கிழக்கே வந்ததற்குக் காரணம் கடன். 1673இல் பிறந்த காலட் லண்டனில் வணிகத்தில் நொடித்துப்போனவர். கடன்காரர்களுக்குத் திருப்பிக் கொடுத்துக் குடும்பத்தையும் தூக்கி நிறுத்த வேண்டும் என்ற எண்ணத்தோடு கம்பெனி வேலையை ஏற்று 1711இல் கப்பலேறினார். வழியில் பிரேசிலின் ரியோ டி ஜெனிரோவைப் பிரெஞ்சுக் கடற்படை தாக்கியபோது அவரும் பிடிபட்டார். தரங்கம்பாடியில் இருந்த சமயப் போதகர் சீகன்பால்குவுக்காக லண்டனிலிருந்து அனுப்பப்பட்ட அச்சுப்பொறியும் அதே தாக்குதலில் பிரெஞ்சுக்காரர் கையில் சிக்கி, மீட்கப்பட்டு, 1712இல் வந்து சேர்ந்தது. தரங்கம்பாடி அச்சகம் அதைக்கொண்டே தொடங்கியது; சில ஆண்டுகளில் தமிழ்ப் புதிய ஏற்பாடு அங்கே அச்சேறியது. தமிழ் அச்சு வரலாறும் காலடிப்பேட்டையின் வரலாறும் ஒரே கடல் ஆபத்தைக் கடந்து வந்தவை என்பது பலர் அறியாத செய்தி.

மீண்டு வந்த காலட், சுமத்ராத் தீவின் பென்கூலன் குடியிருப்புக்குத் தலைவரானார். அங்கே மார்ல்பரோ கோட்டையைக் கட்டத் தொடங்கியவர் அவரே. உள்ளூர்த் தலைவர்களோடு எப்படிப் பழகுகிறேன் என்பதையும் கடிதத்தில் சொல்லியிருக்கிறார்: சின்ன விஷயங்களில் இணங்கிப் போவார், பெரிய விஷயத்தில் அசையமாட்டார். அலுவலகப் பதிவில் இப்படி ஒரு வாக்குமூலம் வராது. அதிகாரம் செய்பவர் தன் முறையை வெளிப்படையாக ஒப்புக்கொள்வது வீட்டாரிடமும் நெருங்கியவர்களிடமும்தான்.

1716இல் அவர் சென்னைக்கு வந்தார். மறு ஆண்டு தொடக்கத்தில் ஆளுநரானார். இந்தக் காலத்துக் கடிதங்களில் பணமும் பாசமும் பிரிக்க முடியாதபடி கலந்திருக்கின்றன. கம்பெனிச் சம்பளம் சொற்பம். ஆளுநர்களுக்கு வருமானம் சொந்த வாணிகத்திலிருந்து வந்தது. சேர்ந்த பணத்தைக்கொண்டு பழைய கடன்களைத் தீர்த்த செய்தி கடிதங்களில் வருகிறது. தாயில்லாத மகள்களின் படிப்பு, நடத்தை, திருமணம் ஆகியவற்றைப் பற்றிக் கடலுக்கு இப்பாலிருந்து அறிவுரை போகிறது. சென்னையில் இருந்தபடியே, சின்குவா என்ற சீனக் கலைஞர் 1716இல் செய்த தன் வண்ணக் களிமண் உருவச் சிலையை மகளுக்கு அனுப்பிவைத்தார். முகம் மறந்துபோகும் அளவுக்கு நீண்ட பிரிவில் ஒரு தகப்பன் கண்ட வழி அது. அந்தச் சிலை இன்று லண்டன் தேசிய உருவப்பட அரங்கில் இருக்கிறது.

சமயம் பற்றிய கடிதங்கள் வேறு வகை. காலட் பாப்டிஸ்ட் பிரிவைச் சேர்ந்தவர். இங்கிலாந்துத் திருச்சபையின் முறைப்படி நற்கருணை பெறாதவர்கள் அந்நாட்டில் அரசுப் பதவி வகிக்கச் சட்டம் தடையாக இருந்த காலம் அது. நதானியேல் ஹாட்ஜஸ் என்ற போதகருக்கு எழுதிய கடிதங்களில், நம்பிக்கையைப் பகுத்தறிவின் வெளிச்சத்தில் வைத்துப் பார்க்கும் ஒருவரைக் காண்கிறோம்.

ஊர் விவகாரங்களுக்குக் கோட்டைப் பதிவேடுகளைத்தான் நாட வேண்டும். முகலாயப் பேரரசர் ஃபரூக்சியரின் 1717ஆம் ஆண்டு ஃபர்மான் என்ற அரசாணையின் பலத்தில், திருவொற்றியூர், கத்திவாக்கம், சாத்தாங்காடு, வியாசர்பாடி, நுங்கம்பாக்கம் ஆகிய ஐந்து ஊர்களைக் கம்பெனி மீண்டும் தன் வசமாக்கியது. திருவொற்றியூரில் எதிர்ப்புக் கிளம்ப, லெப்டினன்ட் ஜான் ரோச் தலைமையில் கோட்டைப் படை வந்து சண்டையிட்டது. அப்படிக் கைக்கு வந்த நிலத்தில்தான் நெசவாளர் குடியிருப்பு எழுந்தது. துணியைத் தறியடியிலேயே பெற வேண்டும் என்பதே கம்பெனியின் நோக்கம். பின்னர் 1734இல் சிந்தாதிரிப்பேட்டை உருவானதும் இதே வழியில்.

காலடிப்பேட்டையார் சொல்லும் வரலாறு வேறொன்று. ஆளுநரிடம் வேலை பார்த்த வீரராகவன் என்பவர் காஞ்சி வரதராஜரைத் தரிசிக்கப் போய்வருவதால் வேலைக்குத் தாமதமாக வந்தாராம். இந்த நேரத்தில் காஞ்சியில் என்ன நடக்கிறது என்று காலட் துரை கேட்க, அவர் சொன்னது அப்படியே நடந்திருப்பதை விசாரித்து அறிந்த துரை, இங்கேயே வரதராஜருக்குக் கோயில் எழுப்பினார் என்பது கதை. கல்யாண வரதராஜப் பெருமாள் கோயில் இன்றும் ஊரின் நடுநாயகம். ஆவணம் சொல்லாத ஒன்றை, தம் ஊரைத் தாமே எப்படி நினைவில் வைத்திருக்கிறார்கள் என்பதை, இந்தக் கதை சொல்கிறது.

கடிதங்களில் இல்லாதது நெசவாளரின் குரல். தறியில் உட்கார்ந்தவர் பெற்ற முன்பணம், பட்ட கடன், விட்டுவந்த ஊர் எதுவும் காலட்டின் குடும்பக் கடிதத்தில் கிடைக்காது. ஆளுநரின் மனத்தை அறிய மட்டுமே இவை உதவும்.

காலட்டுக்கு முன் 1698 முதல் 1709 வரை சென்னையை ஆண்ட தாமஸ் பிட்டின் கடிதங்களும் இவ்வாறே பிழைத்தன. அவர் வாங்கிய பெரிய வைரம் பிரான்சுக்கு விற்கப்பட்டது. அவருடைய பேரனும் கொள்ளுப்பேரனும் பிரிட்டனின் பிரதமர்களானார்கள். கடிதங்களைக் காப்பதில் அமெரிக்காவின் ஆடம்ஸ் குடும்பம் எல்லோரையும் மிஞ்சியது. 1776இல் ஜான் ஆடம்ஸ் ஒரு நகல் புத்தகம் வாங்கி, மனைவி அபிகெயிலையும் அவ்வாறே செய்யச் சொன்னார். இருவருக்கும் இடையே நடந்த கடிதப் போக்குவரத்தில் 1,100க்கும் மேற்பட்டவை எஞ்சியுள்ளன. இரண்டு அதிபர்களைத் தந்த அந்தக் குடும்பம் தன் ஏடுகளை 1956இல் மாசசூசெட்ஸ் வரலாற்றுச் சங்கத்துக்கு எழுதிக்கொடுத்தது.

காலட் 1720இல் ஊர் திரும்பி 1725இல் இறந்தார். அவருடைய புத்தகங்கள் அச்சேற இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயின. அதற்குள் அந்தக் குடும்பம் பொது வாழ்வில் பெயர் பெற்றுவிட்டது. காலட் டாப்சன் காலட், பத்திரிகைகள் மீதான முத்திரை வரியை ஒழிக்கப் போராடியவர். கார்ல் மார்க்ஸ் குடும்பத்தின் நண்பர். அவர் தங்கை சோஃபியா, ராஜாராம் மோகன் ராயின் வாழ்க்கை வரலாற்றை எழுதினார். டாப்சன் காலட்டின் மகள் கிளாரா காலட் (1860–1948) உழைக்கும் பெண்களின் நிலையை ஆராய்ந்து, பிரிட்டிஷ் வணிக வாரியத்தில் பணியாற்றியவர். கிளாராவின் அறிமுகக் குறிப்புகளோடு, ஹெச். ஹெச். டாட்வெல் பதிப்பித்த 'ஜோசப் காலட்டின் சொந்தக் கடிதப் புத்தகங்கள்' 1933இல் லண்டனில் வெளிவந்தது. டாட்வெல் சென்னை ஆவணக் காப்பகத்தின் காப்பாளராக இருந்தவர். ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பின் ஆங்கிலப் பதிப்பிலும் பிற்காலத் தொகுதிகள் அவர் கைவண்ணம்.

புனித ஜார்ஜ் கோட்டையின் பழைய பதிவேடுகள் எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் உள்ளன. அவற்றையும் காலட்டின் கடிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்து, காலடிப்பேட்டையின் வரலாற்றைத் தமிழில் முழுமையாக எழுதுவது பயனுள்ள பணி. அதற்கு ஊர்க்காரர்களின் ஏடுகளும் வேண்டும். காலடிப்பேட்டை, திருவொற்றியூர், தண்டையார்பேட்டைப் பழைய வீடுகளில் கிடக்கும் கிரயப் பத்திரங்கள், தறிக் கணக்குகள், ரங்கூனிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வந்த கடிதங்கள் எதையும் பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.