நீராவிக் கணப்பின் சிறு வால்வு

நம் சங்கத்து அன்பர்கள் சிலர் மேற்படிப்புக்காக நியூயார்க் செல்கிறார்கள். பழைய அடுக்கு வீடுகளில் குடியேறியவர்கள் முதற் குளிர்காலத்தில் எழுதுவது இது: "வெளியே பனி, உள்ளே அனல்; சன்னலைத் திறந்து வைத்து உறங்குகிறோம்." மூலையிலுள்ள ரேடியேட்டரை அடக்க நினைத்து அவர்கள் கை வைப்பதோ தவறான வால்வின்மீது. இதை எழுத அதுவே காரணம்.

இட்டலிக் கொப்பரையைத் திறக்கும்போது ஆவி பட்டுக் கை வெந்தவர்களுக்கு இக்கருவியின் தத்துவம் புதிதன்று. ஒரு கிராம் நீராவி நீராக மாறும்போது ஏறக்குறைய 540 கலோரி வெப்பத்தை வெளிவிடுகிறது. நிலவறைக் கொதிகலனில் எழும் நீராவி, பம்பு ஏதுமின்றித் தானே குழாய்வழி ஏறி, வார்ப்பிரும்பு ரேடியேட்டருக்குள் புகுந்து, வெப்பத்தைக் கொடுத்துவிட்டு நீராக இறங்குகிறது. பழைய வீடுகள் பலவற்றில் ஏறவும் இறங்கவும் ஒரே குழாய்தான். சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

அக்குழாய் ரேடியேட்டரைச் சேருமிடத்தில், தரையருகே, கைப்பிடியுள்ள பெரிய வால்வு இருக்கிறது. தண்ணீர்க் குழாயைப்போல் இதைப் பாதி மூடினால் வெப்பமும் பாதியாகும் என்று எண்ணத் தோன்றும். ஆகாது. குறுகிய வழியில் விரைந்தேறும் நீராவி, இறங்க வேண்டிய நீரைத் தடுக்கிறது. தேங்கிய நீரைப் பின்வரும் நீராவி தூக்கி எறிந்து இரும்புச் சுவரில் மோதுகிறது. நள்ளிரவில் கொல்லன் பட்டறை கேட்கும்! இவ்வால்வு முழுதும் திறந்திருக்க வேண்டும். அன்றேல் முழுதும் மூடியிருக்க வேண்டும்.

வெப்பத்தை உண்மையில் ஆள்வது, எதிர்ப்பக்கத்தில் பாதி உயரத்தில் திருகப்பட்டிருக்கும் சிறிய காற்று வால்வு. ரேடியேட்டருக்குள் காற்று நிரம்பியிருக்கிறது. அது வெளியேறினாலன்றி நீராவிக்கு இடமில்லை. சிறு துளைவழியே காற்று 'உஸ்' என்று போகும். நீராவி வந்ததும் அதன் சூட்டில் உள்ளிருக்கும் மிதவையோ ஈருலோகத் தகடோ துளையை அடைத்துவிடும். துருவும் பெயின்ட்டும் துளையை மூடிவிட்டால் ரேடியேட்டர் குளிர்ந்தே கிடக்கும். வால்வு மூடிக்கொள்ளத் தவறினால் நீராவி அறைக்குள் சீறும்.

இதை மாற்றுவது எளிது. பழையதை இடப்புறம் திருகிக் கழற்றி, புதியதன் மரையில் டெஃப்லான் நாடா சுற்றி, நிமிர்ந்து நிற்கும்படி திருகினால் போதும். ஆனால் கொதிகலனை நிறுத்தச் சொல்லி, இரும்பு நன்கு ஆறியபிறகே தொடவேண்டும். கீழ்வால்வை மூடியது போதுமென்று நம்பலாகாது. பழைய வால்வுகள் மூடியபின்னும் கசியும். 2016 டிசம்பரில் பிராங்க்ஸ் பகுதியில் ஒரு வீட்டில், ரேடியேட்டரிலிருந்து வெளிப்பட்ட நீராவியால் இரண்டு குழந்தைகள் இறந்தனர். சீறும் வால்வுள்ள அறையில் குழந்தையை உறங்க வைக்காதீர்கள்.

கீழ்வால்வை மாற்றுவது குழாய் வேலைக்காரர் பொறுப்பு. பல ஆண்டுகள் இறுகிய இணைப்பைப் பலவந்தமாகத் திருகினால் குழாயே உடையக்கூடும். கைப்பிடித் தண்டருகே மட்டும் கசிவதாயின் உள்ளேயுள்ள திணிப்பை மாற்றினாலே பெரும்பாலும் சரியாகும்.

நியூயார்க் விதிப்படி அக்டோபர் 1 முதல் மே 31 வரை, பகலில் வெளியே 55 டிகிரி பாரன்ஹீட்டுக்குக் குறைந்தால், வீட்டுக்காரர் உள்ளே 68 டிகிரியாவது தரவேண்டும். குளிரில் வாடுபவர் இதைச் சொல்லிக் கேட்கலாம். வெந்து புழுங்குபவருக்கு வேறு வழி உண்டு: அறையின் சூட்டுக்கேற்பத் தானே மூடும் வால்வு. டென்மார்க்கின் மாட்ஸ் கிளாவுசன் 1943-இல் கண்டது. வெந்நீர் ரேடியேட்டரில் இதைக் குழாய்வழியிலேயே பொருத்துவர். ஒற்றைக் குழாய் நீராவியில் அப்படிச் செய்தால் மீண்டும் கொல்லன் பட்டறைதான். இங்கே அதற்கென்றே செய்த வகையை வாங்கி, ரேடியேட்டருக்கும் காற்று வால்வுக்கும் இடையே பொருத்த வேண்டும். அறை சூடேறியதும் அது காற்றின் வழியை அடைக்கும். உள்ளே காற்று சிறைப்பட்டால் நீராவி வாசலிலேயே நிற்கும். முன்னரே நுழைந்துவிட்ட நீராவியை அது வெளியேற்றாது. கொதிகலன் அடுத்த முறை எரியும்போதே பலன் தெரியும்.