உங்களுக்குத் தெரியுமா? மாதிரி ரயில்களின் மறுவிலையும் மறுவாழ்வும்

★ அமெரிக்காவின் லயனல் நிறுவனம் 1957-இல் சிறுமிகளுக்கென்று இளஞ்சிவப்பு இன்ஜின் பூட்டிய ரயில் செட்டை வெளியிட்டது. அப்போது அதை வாங்க ஆளில்லை. விற்றது சொற்பம் என்பதாலேயே இன்று அதற்கு ஏகக் கிராக்கி.

★ ரயிலோடு வந்த அட்டைப்பெட்டியைத் தூக்கிப்போடாதீர்கள். பெட்டி இருந்தால் விலை கூடும். மங்கிய இன்ஜினுக்குப் புது பெயின்ட் அடித்தால் பளபளக்கும், ஆனால் மதிப்பு இறங்கிவிடும். சேகரிப்பவர்கள் தேடுவது தொழிற்சாலையில் பூசிய வண்ணத்தைத்தான்.

★ 1930-களில் வார்த்த சில இன்ஜின்கள் அலமாரியில் சும்மா இருக்கும்போதே வெடிப்பு விட்டு நொறுங்கும். துத்தநாகக் கலவையில் ஈயம் சிறிதளவு கலந்துவிட்டதே காரணம். இதற்கு வைத்தியம் கிடையாது. அந்தப் பாகத்தையே மாற்ற வேண்டும். வாங்கும் முன் சக்கரத்தையும் அடிப்பாகத்தையும் திருப்பிப் பாருங்கள்.

★ பிரிட்டனின் 00 வகை ரயில் 1:76 அளவு. ஐரோப்பாவின் எச்ஓ 1:87. இரண்டும் ஓடுவது 16.5 மி.மீ. அகலத் தண்டவாளத்தில்தான். ஆனால் பக்கத்தில் நிறுத்தினால் ஒன்று பெரிதாகத் தெரியும். விற்கும்போது வகையைச் சரியாகச் சொல்வது முக்கியம்.

★ பாடகர் நீல் யங் ஒருகாலத்தில் லயனலின் பங்குதாரர். தம் சேகரிப்பிலிருந்து 200-க்கும் மேற்பட்ட ரயில்களை 2017-இல் தாமே ஏலத்துக்கு அனுப்பினார்.

★ ரயில்களை விற்கலாம். அவை ஓடும் மலையையும் பாலத்தையும் பெயர்த்தெடுப்பது கடினம். கலிஃபோர்னியாவில் ஜான் ஆலன் பல்லாண்டுகள் உழைத்து உருவாக்கிய மாதிரி ரயில்பாதை உலகப் புகழ்பெற்றது. 1973 ஜனவரியில் அவர் காலமானார். அதே மாதம் வீட்டில் பற்றிய தீயில் அதன் பெரும்பகுதி அழிந்தது.

★ இங்கிலாந்தில் ஜான் ஏஹெர்ன் உருவாக்கிய ‘மேடர் வேலி’ மாதிரி ரயில்பாதையோ அழியாமல் தப்பித்தது. அவர் மறைந்த பிறகும் ஆக்ஸ்ஃபோர்டுஷயரின் பெண்டன் அருங்காட்சியகம் அதைப் பாதுகாத்து வைத்திருக்கிறது.

★ சேகரித்தவர் மறைந்த பிறகு, எந்த ரயில் அரியது என்று தெரியாத குடும்பம், எல்லாவற்றையும் மொத்தமாக ஒரே விலைக்குக் கொடுத்துவிடும். அதனால் தயாரிப்பாளர் பெயர், மாடல் எண், வாங்கிய விலை, பழுது, யாரிடம் விற்கலாம் என்ற விவரம் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். அந்த நோட்டு இருக்கும் இடத்தை வீட்டில் ஒருவருக்காவது இன்றே சொல்லிவிடுங்கள்.