வரைபடம் யாரிடம்?

'டெண்டரே விடாமல் கொடுத்துவிட்டார்கள்' என்று செய்தியில் படித்தால், 'யாரோ சாப்பிட்டிருக்கிறார்கள்' என்றுதான் நம் காதில் விழும். அந்தச் சந்தேகம் காரணமில்லாமல் வந்ததும் அல்ல. ஆனால் சர்வதேச விண்வெளி நிலையத்தில் இருக்கும் ஆய்வுக் கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையை நாசா பல நேரங்களில் இப்படித்தான் கொடுக்கிறது. முதலில் ஓர் அறிவிப்பு வரும். இன்ன கருவிக்கு உதிரிபாகம், பழுதுபார்ப்பு, ஆய்வு நடக்கும்போது தரையிலிருந்து பொறியாளர் உதவி எல்லாவற்றையும் இன்ன நிறுவனத்திடம் மட்டுமே வாங்கப்போகிறோம். எங்களாலும் முடியும் என்பவர்கள் இத்தனாம் தேதிக்குள் எழுதலாம் என்று அதில் இருக்கும். கருவிகளை விடுங்கள், நிலையத்தின் அமெரிக்கப் பகுதியைப் பராமரிக்கும் வேலையும் அதைக் கட்டிய போயிங்கிடம்தான் தொடர்ந்து இருந்துவருகிறது. 2020இல் அது 91.6 கோடி டாலருக்கு நீட்டிக்கப்பட்டது. சந்தைப் போட்டியை வேதமாக ஓதும் ஒரு நாட்டில் இது எப்படி என்று கேட்கத் தோன்றும். என்னைக் கேட்டால், இப்படிக் கொடுக்கும் பராமரிப்பு ஒப்பந்தம் பெரும்பாலும் நியாயமானதுதான். தவறு ஏதும் இருந்தால், அது அதற்குப் பல வருடம் முன்பே, கருவியை முதலில் வாங்கிய நாளில் நடந்து முடிந்திருக்கும்.

ஒரு கருவியைக் கிட்டத்தில் பார்ப்போம். 2014 செப்டம்பரில் ஸ்பேஸ்எக்ஸ் சரக்குக் கலத்தில் எலும்பு அடர்த்தி அளக்கும் எக்ஸ்ரே பெட்டி ஒன்று மேலே போனது. செய்தது இண்டியானா மாநிலத்தின் கிரீன்வில் ஊரைச் சேர்ந்த டெக்ஷாட் என்ற நிறுவனம். அளக்கப்படுவது மனித எலும்பல்ல, சுண்டெலியின் எலும்பு. எடையற்ற நிலையில் விண்வெளி வீரரின் இடுப்பெலும்பு மாதத்துக்கு ஒன்று முதல் ஒன்றரை சதவீதம் வரை அடர்த்தி குறைகிறது. எலியிலும் எலும்புத் தேய்வு நடப்பதால், மருந்துகளை அங்கேயே சோதித்து, எலி உயிரோடு இருக்கும்போதே அளந்துவிட முடிகிறது. எக்ஸ்ரே பெட்டி செய்யத் தெரிந்தவர்கள் உலகில் ஆயிரம் பேர். ஆனால் இந்தப் பெட்டி, ஜன்னலைத் திறக்க முடியாத ஒரு வீட்டுக்குள் மனிதர்களோடு குடியிருக்கிறது. அங்கே சூடான காற்று மேலே எழும்பாது. விசிறி நின்றால் சூடு பிறந்த இடத்திலேயே தங்கிவிடும். திரவம் ஓடும் கருவிகளுக்கு வேறொரு தலைவலி. நம் வீட்டில் குழாய்க்குள் புகுந்த காற்றுக்குமிழி தானாக மேலேறிப் போய்விடும். அங்கே அதற்கு மேல் என்ற திசையே கிடையாது, வளர்க்கும் செல்களின் முன்னால் வழிமறித்து உட்கார்ந்துகொள்ளும். உள்ளே பூசிய பசை, பெயின்ட், கம்பியின் பிளாஸ்டிக் உறை எல்லாம் என்ன வாயுவை விடுகின்றன என்று சோதித்தாக வேண்டும், ஏனென்றால் அதே காற்றைத்தான் சுத்திகரித்துச் சுத்திகரித்து எல்லாரும் சுவாசிக்கிறார்கள். தீப்பிடிக்குமா, கூர்முனை கையைக் கிழிக்குமா, மின்காந்த இரைச்சல் பக்கத்துக் கருவியைக் குழப்புமா என்று பாதுகாப்புக் குழு கட்டம் கட்டமாகக் கேள்வி கேட்கும். கடைசியில் கிடைக்கும் அனுமதி 'எக்ஸ்ரே பெட்டி' என்ற பொதுப் பெயருக்கு அல்ல, இந்த வரைபடப்படி இந்தப் பொருட்களால் செய்த இந்தப் பெட்டிக்குத்தான். உள்ளே பசையை மாற்றினால்கூட மறுபடி பதில் சொல்ல வேண்டும்.

அலுவலக ஏசிக்கு ஏஎம்சி போடுவதோடு இதை ஒப்பிட்டால் கணக்கு தப்பும். ஏசிக்காரர் சரியில்லை என்றால் அடுத்த தெருவிலிருந்து ஒருவரைக் கூப்பிடலாம். அவர் திறந்து பார்த்து, இரண்டு முறை தப்பாகச் செய்து, மூன்றாவது முறை சரியாக்குவார். மேலே அந்த இரண்டு தப்புக்கு விலை உண்டு. தனியார் நிறுவனங்கள் விண்வெளி நிலையத்தில் வீரரின் நேரத்தைப் பயன்படுத்திக்கொள்ள 2019இல் நாசா வைத்த கட்டணம் மணிக்கு 17,500 டாலர். 2021இல், மானியத்தைக் குறைத்து உண்மைச் செலவுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தபோது, அது 1,30,000 டாலராக உயர்ந்தது. புது நிறுவனத்தின் குறிப்பேட்டில் ஒரு வரி தெளிவில்லாமல் போய், வீரர் அரை மணி நேரம் தடுமாறினாலே, கீழே டெண்டரில் மிச்சம் பிடித்த தொகையில் நல்லதொரு பங்கு காணாமல் போய்விடும். இன்னொன்றும் இருக்கிறது. மேலே இருக்கும் கருவிக்குத் தரையிலும் ஓர் இரட்டை வைத்திருப்பார்கள்; ஈர்ப்பு விசை ஒன்றைத் தவிர எல்லாம் ஒன்றாக இருந்தால்தான் எலும்பு தேய்ந்தது எடையின்மையாலா, பெட்டியாலா என்று சொல்ல முடியும். நடுவில் கருவியின் இயல்பு மாறிவிட்டால் பழைய அளவையும் புதிய அளவையும் ஒரே வரிசையில் வைக்க முடியாது. போட்டியை விரிவாக்கவென்றே அமெரிக்கா 1984இல் கொண்டுவந்த சட்டமும் இதைப் புரிந்துகொண்டிருக்கிறது. மிகச் சிறப்பான கருவி ஒன்றின் தொடர் வேலையை வேறொருவருக்குக் கொடுத்தால், போட்டியால் மீட்க முடியாத அளவுக்கு இரட்டைச் செலவோ, தாங்க முடியாத தாமதமோ வரும் என்றால் ஒருவரிடமே வாங்கலாம் என்கிறது. நிலையத்தின் ஆயுளோ 2030ஐ ஒட்டி முடியவிருக்கிறது. இனிமேல் கற்றுக்கொண்டு வந்து போட்ட முதலை எடுக்க யாருக்கும் அவகாசம் இல்லை.

சரி, கடைக்காரர் ஒருவரே என்று ஆகிவிட்டால் அவர் வைத்ததுதானே விலை? மறுக்க முடியாத கேள்வி, சோயுஸ் கதையே சாட்சி. 2011இல் நாசாவின் ஷட்டில் விண்கலம் ஓய்வுபெற்ற பிறகு, வீரர்களை அனுப்ப அமெரிக்காவுக்கு ரஷ்யாவின் சோயுஸைத் தவிர வேறு வண்டி இல்லை. ஆரம்ப ஒப்பந்தங்களில் 2 கோடி டாலர் சொச்சத்துக்குக் கிடைத்த இருக்கை, 2020இல் 9 கோடி டாலரைத் தாண்டியது. உள்நாட்டு நிறுவனங்களை மடக்க நாசாவிடம் ஒரு கயிறு இருக்கிறது: 1962 முதல் இருக்கும் ஒரு சட்டப்படி, போட்டியில்லாத பெரிய ஒப்பந்தங்களில் நிறுவனம் தன் செலவுக் கணக்கைப் பிரித்துக் காட்டி, உண்மை என்று சான்றளிக்க வேண்டும். பொய் சொன்னால் பணத்தைத் திருப்பித் தர வேண்டும். பாதி மருந்து என்றுதான் இதைச் சொல்வேன். பத்துப் பேர் வேலை செய்தார்கள் என்பது உண்மையா என்று கணக்குக் காட்டிவிடும். நான்கு பேர் போதாதா என்ற கேள்விக்கு அதில் பதில் இருக்காது. அதைச் சொல்லப் போட்டியாளர் ஒருவர்தான் வர வேண்டும். அறிவிப்பைப் பார்த்து வேறு யாராவது எழுதலாம் என்ற வாய்ப்பும் பெரும்பாலும் சடங்குதான். வருடக்கணக்கில் கட்டிய அனுமதியையும் அனுபவத்தையும் சில வாரத்தில் யாரால் காட்ட முடியும்?

அப்படியானால் தொடக்கத்திலேயே இரண்டு பேரை வளர்த்துவிட வேண்டியதுதானே என்பது அடுத்த வாதம். வீரர்களை ஏற்றிச் செல்லும் விண்கலத்தில் அதைச் செய்து பார்த்தார்கள். 2014இல் போயிங்குக்கு 420 கோடி, ஸ்பேஸ்எக்ஸுக்கு 260 கோடி டாலர் கொடுத்தார்கள். கூடுதலாக வாங்கியவரின் கலம் 2024 சோதனைப் பயணத்தில் கோளாறு கண்டு ஆளில்லாமல் திரும்பியபோது, குறைவாக வாங்கியவரின் கலம்தான் மேலே நின்றுபோனவர்களைக் கொண்டுவந்து சேர்த்தது. இரண்டாவது ஆளின் அருமை அப்போது தெரிந்தது. ஆனால் விண்வெளி உடையில் அதே வழி வேறு இடத்தில் போய் முடிந்தது. 2013இல் வெளியே நடந்துகொண்டிருந்த இத்தாலிய வீரர் லூக்கா பார்மிட்டானோவின் தலைக்கவசத்துக்குள் தண்ணீர் கசிந்து மூக்குவரை வந்தது. அந்த உடைகளின் வடிவமைப்பு ஷட்டில் காலத்துப் பழசு. புது உடைக்காக 2022இல் ஆக்ஸியம், காலின்ஸ் என்று இரண்டு நிறுவனங்களைத் தேர்ந்தெடுத்தார்கள். 2024இல் காலின்ஸ் விலகிக்கொண்டது. போட்டி வைத்தே வாங்கினாலும் கடைசியில் மிஞ்சியவர் ஒருவர்தான். கோடிகள் புரளும் உடைக்கே இந்த நிலை என்றால், மொத்த உலகத்திலும் ஒன்றிரண்டு மட்டுமே தேவைப்படும் எலி எக்ஸ்ரே பெட்டிக்கு இரண்டு நிறுவனங்களை யார் கட்டிக் காப்பாற்றுவது?

பெட்டிக்குள் போட்டி சாத்தியமில்லை என்றால் பெட்டிக்கு வெளியே வைக்கலாம். விண்வெளி நிலையத்தில் யாரும் அதிகம் பாராட்டாத நல்ல யோசனை அங்கேதான் இருக்கிறது. எக்ஸ்பிரஸ் ரேக் என்று ஓர் அலமாரி, 2001 முதல் மேலே இருக்கிறது. அதில் எட்டுப் பெட்டிகளும் இரண்டு இழுப்பறைகளும் செருகலாம். பெட்டியின் அளவு, மின்சாரம் வரும் 28 வோல்ட், தகவல் போகும் கம்பி, குளிர்விக்கும் வழி எல்லாம் முன்கூட்டியே தீர்மானித்து ஊரறியச் சொல்லப்பட்டவை. இந்த அளவுக்குள் அடங்கினால் போதும், உள்ளே என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள் என்று பொருள். ரத்த மாதிரிகளை உறையவைக்கும் பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். ஐரோப்பியர் செய்த மெல்ஃபி என்ற மைனஸ் 80 டிகிரி உறைபெட்டி 2006இல் மேலே போனது. அது ஒரு முழு ரேக்கையே அடைத்துக்கொள்ளும். இன்று அது மட்டும் இல்லை. பர்மிங்ஹாமில் உள்ள அலபாமா பல்கலைக்கழகம் செய்த கிளேசியர், போலார் என்ற பெட்டிகள் எக்ஸ்பிரஸ் ரேக்கிலேயே உட்கார்ந்துகொள்கின்றன. மெல்ஃபியைப் பழுதுபார்க்க அலபாமாக்காரரைக் கூப்பிட முடியாது, போலாரைத் திறக்க ஐரோப்பியரைக் கூப்பிடவும் முடியாது. ஆனாலும் ஒருவர் விலையை ஏற்றினால் மாதிரியை மற்றவர் பெட்டியில் வைக்கலாம் என்ற நினைப்பே இரண்டு பக்கத்தையும் கொஞ்சம் அடக்கி வைக்கும்.

மாற்றுப் பெட்டியே இல்லாத கருவிகளுக்கு மிஞ்சும் கேள்வி ஒன்றுதான்: வரைபடம் யாரிடம் இருக்கிறது? அரசின் பணத்தில் உருவான வடிவமைப்பு என்றால் அந்தத் தகவலை அரசு யாரிடம் வேண்டுமானாலும் கொடுக்கலாம், நிறுவனம் தன் சொந்தப் பணத்தில் உருவாக்கியது என்றால் கொடுக்க முடியாது என்பதே அமெரிக்க விதியின் சாரம். இரண்டு பணமும் கலந்திருந்தால் வழக்கறிஞர்களுக்குத்தான் வேலை. முதல் நாள் பேரத்தில் வரைபட உரிமையைச் சேர்க்காமல் விலையைக் குறைத்துக்கொண்ட அதிகாரி, அந்தக் குறைப்பைப் பத்து வருடம் கழித்து வட்டியோடு கட்டப் பின்னால் வருபவரிடம் விட்டுப்போகிறார். வரைபடம் இருந்தாலும் எல்லாம் வந்துவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். டெக்ஷாட்டை 2021இல் ரெட்வயர் என்ற பெரிய நிறுவனம் வாங்கியது. காகிதத்தில் 'ஒரே ஆதாரம்' என்ற இடத்தில் பெயர் மாறியது, அவ்வளவுதான். எந்த வால்வை எந்த அளவுக்கு இறுக்கினால் கசியாது என்று கைக்குத் தெரிந்த நான்கைந்து பொறியாளர்கள் அங்கேயே இருக்கிறார்களா என்பதுதான் விஷயம், அதை எந்த ஒப்பந்தமும் எழுதிவைப்பதில்லை.

அமெரிக்க விதிகளில் எனக்குப் பிடித்த இரண்டு இடங்கள் உண்டு. முன்கூட்டித் திட்டமிடவில்லை என்பதைக் காரணம் காட்டி ஒருவரிடமே வாங்கக் கூடாது என்பது ஒன்று. ஒருவரிடமே வாங்குவதற்கு எழுதும் நியாயக் கடிதத்தில், அடுத்த முறை போட்டிக்குத் தடையாக இருப்பதை நீக்க என்ன செய்யப்போகிறீர்கள் என்றும் எழுத வேண்டும் என்பது மற்றொன்று. அந்தக் கடிதம் பொதுமக்கள் பார்வைக்கும் வரும். பெரும்பாலும் சம்பிரதாயமாக இரண்டு வரியில் நிரப்பப்படும் இடம்தான். கேள்வியாவது அச்சில் இருக்கிறது.

இந்திய வீரர் சுபான்ஷு சுக்லா 2025இல் அதே விண்வெளி நிலையத்தில் பச்சைப்பயறும் வெந்தயமும் முளைக்க வைத்துவிட்டு வந்தார். இந்தியாவின் சொந்த நிலையத்தின் முதல் பகுதியை 2028இலும் முழு நிலையத்தை 2035இலும் மேலே வைப்பது திட்டம். அதற்கும் உறைபெட்டிகளும் செல் வளர்ப்புக் கருவிகளும் வாங்கியாக வேண்டும், ஒரே ஒருவர்தான் செய்கிறார் என்ற நிலை அங்கேயும் வரும். நம் நிதி விதிகளில் அதற்கென ஒரு சான்றிதழ் ஏற்கெனவே இருக்கிறது. பொருளைச் செய்வது இந்த நிறுவனம், வேறு எதுவும் ஏற்றதல்ல என்பதற்குக் காரணம் இவை, நிதிப்பிரிவு ஒப்புதல் எண், அதிகாரி அனுமதி எண் என்று நான்கு வரி. அடுத்த முறை பற்றி அதில் வரி ஏதும் இல்லை.