ஒப்பந்தமின்றிச் செல்லும் மாணவர்: வெளிநாட்டு அரையாண்டு பற்றிய ஒரு நோக்கு

ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களிடையே மாணவர் சென்று மீள்வதைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் 1987 இல் தொடங்கப்பெற்ற எராஸ்மஸ் திட்டத்தையே மனத்திற் கொள்வர். முதலாண்டில் 11 நாடுகளைச் சேர்ந்த 3,244 மாணவர் அதன்வழி சென்றனர். இத்திட்டத்துக்குப் புறம்பே, தாமாகவே ஒரு பல்கலைக்கழகத்தைத் தெரிந்து, விண்ணப்பித்து, ஓர் அரையாண்டு பயின்று திரும்புவோரும் உளர். இவர்களை அங்குள்ள பல்கலைக்கழகங்கள் 'ஃப்ரீ மூவர்' என்கின்றன; கட்டற்றுச் செல்பவர் என அதனைத் தமிழாக்கலாம். இக்கட்டின்மையின் விலையை யார் கொடுக்கின்றனர் என்பதே ஈண்டு நாம் ஆராய விழைவது.

கல்விக்காக நாடுவிட்டு நாடு செல்லுதல் ஐரோப்பாவுக்குப் புதியதன்று. பன்னிரண்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பேரரசன் முதலாம் ஃபிரெடெரிக், கற்கச் செல்வோருக்குக் காப்பளித்து ஓர் ஆணை பிறப்பித்தான். ஊரவர் பட்ட கடனுக்காக அவ்வூர் மாணவரைப் பிடித்துப் பொருள் பறிக்கும் வழக்கத்தை அது தடைசெய்தது. தனித்துச் செல்லும் மாணவன் எளிதில் இடருறுவான் என்பதை அரசு அன்றே உணர்ந்திருந்தது. இன்று இடர் வேறு வடிவில் வருகின்றது: வெளிநாட்டிற் கழித்த அரையாண்டு பட்டப்படிப்பிற் சேர்க்கப்படாது போகலாம்.

ஒரு ஜேர்மன் மாணவி சுவீடனில் ஓர் அரையாண்டு பயில எண்ணுகிறாள் எனக் கொள்வோம். எராஸ்மஸ் வழியாயின் இரு பல்கலைக்கழகங்களும் முன்னரே உடன்பட்டுள்ளன. இடம், உதவித்தொகை, பாட ஏற்பு ஆகியவற்றுக்கு ஒழுங்கான நடைமுறை உண்டு. தனித்துச் செல்பவளுக்கோ அவை அனைத்தும் அவளது சொந்த வேலை. முதலிற் காலக் கணக்கு. ஜேர்மனியில் குளிர்கால அரையாண்டின் விரிவுரைகள் ஒக்டோபரில் தொடங்கிப் பெப்ரவரி வரை நடைபெறும். சுவீடனிலோ இளவேனில் அரையாண்டு ஜனவரி நடுப்பகுதியிலேயே தொடங்கிவிடும். ஆகவே இளவேனிலிற் செல்பவள் தன் நாட்டுப் பரீட்சைகளை இழக்க நேரும். ஓகஸ்ட் இறுதியில் தொடங்கும் இலையுதிர் அரையாண்டே பொருந்தும். அதற்கான பொது விண்ணப்ப முடிவுநாள் ஏப்ரல் நடுப்பகுதி. தாய்ப் பல்கலைக்கழகத்தில் 'விடுமுறை அரையாண்டு' பெற்றுக்கொண்டால் அவ்வரையாண்டு பொதுவாகப் படிப்புக்காலக் கணக்கிற் சேராது. சிறு படிவந்தான், எனினும் அதனை அறியாதோர் பலர்.

மிக வில்லங்கமானது பாட ஏற்பு. ஐரோப்பியக் கிரெடிட் முறையில் ஓர் ஆண்டின் முழுநேரப் படிப்பு 60 அலகுகள், அரையாண்டு 30. சுவீடனிற் பாடங்கள் பெரும்பாலும் 7.5 அலகுகளாக அமைய, ஜேர்மனியில் 5, 6, 9 என அவை வேறுபடும். எண்கள் பொருந்தாவிடத்துத் துறைப் பேராசிரியரின் தீர்ப்பே முடிவாகிறது. 1997 இல் லிஸ்பனிற் கைச்சாத்தான ஏற்பு உடன்படிக்கை இவ்விடத்தில் மாணவர் பக்கம் நிற்கிறது. கணிசமான வேறுபாடு உண்டெனக் காட்டினாலொழிய வெளியிற் கற்ற காலம் ஏற்கப்படவேண்டும். வேறுபாட்டை நிறுவும் பொறுப்பு மறுக்கும் நிறுவனத்தையே சாரும். பாடவிவரங்களைத் தேடிக் கொடுப்பது மட்டுமே மாணவரின் கடமை. ஜேர்மனி 2007 இல் இதனை ஏற்புறுதி செய்தது. இருந்தும், புறப்படுமுன் துறையிடம் கையொப்பமிட்ட உடன்பாடு பெறாதவர், திரும்பியபின் சட்டத்தைக் காட்டி வாதாடும் நிலைக்குத் தள்ளப்படுகிறார். அத்தகைய வாதத்துக்கு நேரமும் துணிவும் வேண்டும். பகுதிநேர வேலை பார்த்துப் படிக்கும் மாணவருக்கு இவை இரண்டும் அரிது.

கட்டணத்தின் கதை வேறு. அது நீதிமன்றத்தில் வென்றெடுக்கப்பட்டது. பெல்ஜியத்தின் லீஜ் நகரிற் சித்திரக்கதைக் கலை பயின்ற பிரெஞ்சு மாணவி கிராவியேயிடம், பெல்ஜிய மாணவர் செலுத்தாத ஒரு கட்டணம் கேட்கப்பட்டது. 1985 பெப்ரவரி 13 இல் ஐரோப்பிய நீதிமன்றம் அதனைத் தேசிய அடிப்படையிலான பாகுபாடு எனத் தீர்த்தது. எராஸ்மஸ் தோன்றுவதற்கு இரண்டாண்டுகள் முன்னரே இவ்வுரிமையைப் பெற்றுத் தந்தவள், எத்திட்டத்திலும் சேராது தனியே சென்ற ஒரு மாணவி என்பது நோக்கற்பாலது. நாம் கற்பனை செய்த ஜேர்மன் மாணவி சுவீடனிற் கட்டணமின்றிப் பயில்வது அவ்வுரிமையின் பயனே. ஐரோப்பிய ஒன்றியத்துக்குப் புறத்தேயுள்ளோரிடம் சுவீடன் 2011 முதல் கட்டணம் அறவிடுகிறது. பிரித்தானியா ஒன்றியத்தை விட்டு நீங்கியபின், 2021 கல்வியாண்டு முதல் இங்கிலாந்திற் புதிதாகச் சேரும் ஒன்றிய மாணவரும் பொதுவாக வெளிநாட்டார் கட்டணத்துக்கு உட்பட்டனர். உரிமை குடியுரிமையோடு ஒட்டியது. எல்லை நகர்ந்தால் அதுவும் நகரும்.

எஞ்சுவது வாழ்க்கைச் செலவு. ஜேர்மன் அரசின் 'பாஃபோக்' உதவி வெளிநாட்டுக்கும் உண்டு. செலவு கூடுதலாகக் கணிக்கப்படுவதால், உள்நாட்டில் உதவி கிடைக்காதோரும் வெளிநாட்டுக்கு அதனைப் பெறக்கூடும். ஆறு மாதங்களுக்கு முன்னரே விண்ணப்பிக்குமாறு அறிவுறுத்தப்படுகிறது. வசதியற்ற குடும்பத்து மாணவர் இவ்வழியை அறியாது, தமக்குரியதன்று என ஒதுங்குவதே பெருங்குறை. பணமுள்ளோரோ தரகு நிறுவனங்களிடம் அலைச்சலை ஒப்படைத்துவிடுகின்றனர்.

எதிர்த்திசையில், இலங்கைக் கடவுச்சீட்டுடன் ஜேர்மனியில் ஓராண்டு பயில விரும்பும் ஒருவர் புலமைப்பரிசிலோ பொறுப்பேற்பாளரோ இல்லாவிடின், 2024 செப்டெம்பரில் நிர்ணயிக்கப்பட்ட அளவின்படி 11,904 யூரோவை முடக்கப்பட்ட வங்கிக் கணக்கில் முன்கூட்டியே வைப்பிலிட்டுக் காட்டவேண்டும். அதன்பின்னரே விசா.