போலீஸிடம் ஒப்புக்கொண்ட பிறகு வக்கீல் எதற்கு?

'விசாரணையில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்.' கைதுச் செய்திகளில் நாங்கள் நாள்தோறும் அச்சடிக்கும் வரி இது. படிக்கிறவருக்கு வழக்கு அதோடு முடிந்துவிடுகிறது. மறுநாள் அந்த ஆளுக்காக ஒரு வக்கீல் ஆஜரானால் கோபம் வருகிறது: "அவனே சொல்லிட்டான், இவர் என்னத்தை வாதாடப் போறார்?"

நீதிமன்றத்தில் அந்த வரிக்கு அநேகமாக மதிப்பே இல்லை. போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தை, கொடுத்தவருக்கு எதிராகப் பயன்படுத்தக் கூடாது என்று 1872-ம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 25-வது பிரிவு சொன்னது. வெள்ளைக்காரர்கள் தங்கள் போலீஸையே நம்பாமல் எழுதிய விதி. 2024 ஜூலை 1-ல் அமலுக்கு வந்த பாரதிய சாட்சிய அதினியமும் அதை 23-வது பிரிவில் வைத்துக்கொண்டது.

ஒரு சந்து மட்டும் உண்டு. கைதானவர் சொன்னதை வைத்து ஒரு பொருள் கிடைத்தால், அதைக் காட்டிக்கொடுத்த பகுதி செல்லும். கொலை வழக்குக் கட்டுகளில் 'என்னை அழைத்துச் சென்றால் மறைத்து வைத்திருக்கும் அரிவாளை எடுத்து ஆஜர் செய்கிறேன்' என்ற வாக்கியம் அச்சில் வார்த்தது போல் திரும்பத் திரும்ப வருவது இதனால்தான். அன்றைய சென்னை மாகாணத்திலிருந்து லண்டன் பிரிவி கவுன்சில் வரை போன புலுகூரி கோட்டையா வழக்கில், ஒருவர் ஈட்டியை வைக்கோற்போரில் ஒளித்தேன், வந்தால் காட்டுகிறேன் என்றிருந்தார். அந்தப் பகுதி செல்லும், எல்லோரும் சேர்ந்து அடித்துக் கொன்றோம் என்ற பகுதி செல்லாது என்றது தீர்ப்பு.

பயங்கரவாதத் தடுப்புக்கான தடா சட்டம் இந்தச் சுவரையே இடித்தது. எஸ்.பி. பதிவுசெய்த வாக்குமூலம் சாட்சியமானது. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 1999-ல் உச்ச நீதிமன்றம் தடா குற்றம் பொருந்தாது என்றது. ஆனால் தடாவின் கீழ் வாங்கிய வாக்குமூலங்களை மற்றக் குற்றங்களுக்கு ஏற்றுக்கொண்டது. இரண்டு 9 வோல்ட் பேட்டரிகள் வாங்கிக் கொடுத்ததாகச் சொல்லும் பேரறிவாளனின் வாக்குமூலமும் அதில் அடக்கம். அவருக்குத் தூக்கு உறுதியானது. அந்த வாக்குமூலத்தை எழுதிய சிபிஐ எஸ்.பி. தியாகராஜன் 2013-ல் வாய் திறந்தார்: பேட்டரி எதற்கென்று தெரியாது என்று பேரறிவாளன் சொன்னார், நான் எழுதவில்லை. 2017-ல் அதையே உச்ச நீதிமன்றத்தில் பிரமாணப் பத்திரமாகவும் கொடுத்தார். விடுதலை உத்தரவு வந்தது 2022 மே 18-ல்.

சரி, கட்சிக்காரர் வக்கீலிடமே 'நான்தான் செய்தேன்' என்று சொல்லிவிட்டால்? 1840-ல் லண்டனில் வில்லியம் ரஸ்ஸல் பிரபு கொலை வழக்கில் அது நடந்தது. பாதி விசாரணையில் வேலைக்காரன் கூர்வோசியே தன் வக்கீல் சார்லஸ் பிலிப்ஸிடம் ஒப்புக்கொண்டான். ஆனாலும் வாதாடித்தான் ஆக வேண்டும் என்றான். பிலிப்ஸ் ஒரு நீதிபதியிடம் யோசனை கேட்டார். தொடரச் சொன்னார் நீதிபதி. தொடர்ந்ததற்கும் ஏச்சு, வீட்டுப் பணிப்பெண் மேல் சந்தேகம் விழும்படி பேசினார் என்றும் ஏச்சு. இரண்டாவது உண்மையானால் அந்த ஏச்சு நியாயம்தான் என்று எனக்குப் படுகிறது.

இந்திய பார் கவுன்சில் விதியும் இதை ஒட்டியதே. கட்சிக்காரர் குற்றவாளியா என்ற சொந்த அபிப்பிராயத்தைத் தள்ளிவைத்து வாதாட வேண்டும். போதிய சாட்சியம் இல்லாமல் யாருக்கும் தண்டனை கூடாது என்கிற சட்டத்துக்கே வக்கீல் கட்டுப்பட்டவர். சாட்சியத்தில் ஓட்டை காட்டலாம், பொய்ச் சாட்சியைக் கூண்டில் ஏற்றக் கூடாது. இது போலீஸ்காரர் எதிரியானாலும், அதாவது குற்றம் சாட்டப்பட்டவரானாலும், பொருந்தும்: அவர்களுக்கு ஆஜராவதில்லை என்று கோவை வக்கீல்கள் போட்ட தீர்மானத்தைத் தொட்டு, இப்படிப்பட்ட தீர்மானங்களே செல்லாது என்று 2010-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

செஷன்ஸ் கோர்ட்டில் இந்த வேலை பெரும்பாலும் ஆர்ப்பாட்டமில்லாமல் நடக்கும். போலீஸிடம் சொன்னது செல்லாது என்பதால், தமிழ்நாட்டுக் கொலை வழக்குகளில் கிராம நிர்வாக அலுவலர் சாட்சியாக வருவது வழக்கம். எதிரி தானாகவே ஆபீஸுக்கு வந்தார், எல்லாவற்றையும் சொன்னார், எழுதிக்கொண்டு ஸ்டேஷனில் ஒப்படைத்தேன் என்பார். வக்கீல் குறுக்கு விசாரணைக்கு எழுவார்.

"எதிரியை அதற்கு முன்னால் உங்களுக்குப் பழக்கம் உண்டா?"

"இல்லை."