குழந்தைகளின் வாயில் தோன்றும் தசைப் புற்று

குழந்தையின் வாயில் வீக்கம் என்றால் பெற்றோரின் நினைவு முதலில் பல்லின்மேல் செல்வது இயல்பு. பெரும்பாலும் அது சரியாகவே இருந்துவிடுகிறது. ஆனால் அபூர்வமாக, சொத்தைப் பல்லைப் பிடுங்கி மருந்து கொடுத்த பின்னும் வற்றாமல், வாரத்துக்கு வாரம் பருத்து, கன்னத்தையோ மெல்லண்ணத்தையோ நாவையோ பற்றி வளரும் கட்டி ஒன்றுண்டு. ராப்டோமயோசார்கோமா என்பது அதற்கு வைத்திய சாஸ்திரம் இட்ட பெயர்.

பெரியவர்களின் வாய்ப்புற்று, பெரும்பாலும் புகையிலையும் பாக்கும் நெடுங்காலம் தீண்டிய மேற்படலத்தில் உண்டாவது. இதுவோ அத்தகைய பழக்கம் எதையும் அறியாத மூன்று நான்கு வயதுப் பாலகனிடத்தும், படலத்துக்கு அடியிலுள்ள மென்திசுவில் தோன்றுகிறது. தசைநாராக முதிர வேண்டிய உயிரணுக்கள் முதிர்ச்சியைப் பாதியில் கைவிட்டு, பெருகுவதை மட்டும் கைவிடாதிருப்பதே இந்நோயின் சுபாவம். 1854-இல் ஜெர்மானியரான வெபர் பருத்துப்போன ஒரு நாவை ஆராய்ந்து எழுதியதே இதைப் பற்றிய முதல் விவரணையாகக் கருதப்படுகிறது.

கட்டியில் ஒரு துணுக்கை எடுத்து நுண்பெருக்கியில் பார்த்தாலன்றி நிச்சயம் ஏற்படாது. சில அணுக்களில் தசைக்குரிய குறுக்குவரிகள் தெரியும். தெரியாதபோது, தசைக்கே உரிய மயோஜெனின் என்ற புரதத்தைச் சாயமேற்றித் தேடுவார்கள். ஒருவகைக் கட்டியில் இரண்டாம், பதின்மூன்றாம் குரோமோசோம்கள் துண்டு மாறி ஒட்டியிருப்பதும் உண்டு. அவ்வகை சற்றுக் கொடியது. வீக்கம் பல் சிகிச்சைக்குப் பணியாதபோது மறுபடியும் மருந்தையே மாற்றிக்கொண்டிராமல் இப்பரீட்சைக்கு அனுப்புவதுதான் விவேகம் என்பது என் எண்ணம்.

வெறும் கத்தியை நம்பியிருந்த காலத்தில் பிழைத்த குழந்தைகள் சிலரே. 1972-இல் அமெரிக்க மருத்துவமனைகள் கூட்டாகத் தொடங்கிய ஆராய்ச்சி, அறுவையோடு கதிர்வீச்சையும் மருந்துகளையும் எம்முறையில் இணைப்பது என்று படிப்படியாக வகுத்தது. வேறிடம் பரவாத நிலையில் கண்டால் இன்று பத்தில் ஏழு குழந்தைகளாவது பிழைக்கிறார்கள். அம்மருந்துகளுள் முக்கியமான வின்கிரிஸ்டின், நம்மவர் சுடுகாட்டு மல்லி என்று வீட்டு முற்றத்தில் வைக்கத் தயங்கும் நித்தியகல்யாணியிலிருந்து வருவது! அது நரம்புகளைத் தாக்கிச் சிறிது காலம் நடையைத் தளர்த்துவதுண்டு. கதிர்வீச்சு பட்ட பக்கத்திலோ தாடை எலும்பு மந்தமாக வளர்ந்து, முளைக்க வேண்டிய பற்கள் வேர் குறுகியோ, முளையாமலோ போகக்கூடும். ஆதலால் புற்று நீங்கிய பின்னும் அக்குழந்தையைப் பல் வைத்தியர் வாலிபப் பருவம் வரை பார்த்துவர வேண்டியிருக்கிறது.